டிவி நிற்கும்வரை

ஜெசிந்தாவுக்கு நடந்தது அநியாயம், அதைச் செய்தவர் திரவியம் சார், அவர் இதோ எனக்கு இரண்டு முழம் தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், நான் வாயைத் திறக்கக் கூடாது. செய்யாத தப்புக்கு அவளை நெட்வொர்க் லேப்பை விட்டு விலக்கினார்கள், டிபார்ட்மென்ட் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் பரீட்சை என்றார்கள், அவள் மாட்டேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் பெரியதாழைக்குப் பஸ் ஏறினாள், ஒரு வருஷப் படிப்பு அப்படியே நின்றது. இத்தனையிலும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நீ என்னம்மா செய்தாய் என்று அவளிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். வார்டனிடம் கேட்டார்கள். வாட்ச்மேனிடம்கூட அந்தப் பக்கம் யாராவது போனார்களா என்று கேட்டார்கள். விட்ட படிப்பைத் தொடர்வதற்குத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். நேற்று போனில் கெஞ்சியும் திட்டியும் பார்த்தாயிற்று, அவள் ஒரே பிடியாக நின்றாள்: "அவரு கேக்கட்டும்ளா. கேட்டா வாரேன். கேக்காம அந்த லேப்புக்குள்ள நான் எந்த மூஞ்சியோட வந்து உக்காருவேன்?" சரி, நான் போய் அவரிடம் பேசுகிறேன் என்றேன். "நீ பேசினா சண்டையிலதான் முடியும். நான் செஞ்சதையே அவரு முன்னாடி நீயும் செய். செஞ்சுட்டு கையை மடியில வச்சுட்டு உக்காரு. வாயத் தொறக்காத. அவரு கண்ணால பாக்கட்டும்." அதனால்தான் கை மடியில் இருக்கிறது, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துவிட்டது, பட்டிமன்றத்தில் நடுவரையே எழுந்து நிற்க வைத்தவள் என்று இந்த ஹாஸ்டலில் பேர் வாங்கிய சண்முகவடிவு வாயை மூடிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாடிப்படிக்கு அடியில்தான் எங்கள் ஹாஸ்டலின் சுவிட்ச் இருக்கிறது. லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. நான்கு மாடி அறைகளிலிருந்தும் வருகிற நெட்வொர்க் கேபிள்கள் வந்து சொருகிக்கொள்கிற பெட்டி, ஒரு மரபெஞ்சு நீளம்கூட இல்லாத இரும்பு அலமாரிக்குள் பச்சைப் பச்சையாய்க் கண்சிமிட்டிக்கொண்டு, உள்ளே குட்டி ஃபேன் ஒன்று மூச்சிரைக்க. பக்கத்தில் கைப்பிடி உடைந்த இஸ்திரிப்பெட்டி, போன வருஷக் கோலப்போட்டியில் மிஞ்சிய கலர்ப்பொடி மூட்டை, கவிழ்த்துப் போட்ட வாளி, அந்த வாளிமேல் என் லேப்டாப், லேப்டாப்பிலிருந்து சுவிட்சுக்கு ஒரு சாம்பல்நிறக் கேபிள். ஈரச் சிமெண்டும் கலர்ப்பொடியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. இந்த வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் பக்கத்தில் அவள் இருப்பாள், முட்டியை மடக்கி, தலையில் தேங்காயெண்ணெய் மினுங்க, பல்லால் கேபிள் தோலை உரித்தபடி. "கட்டர் இருக்குளா, பல்லை எதுக்குக் கெடுக்கே?" "கட்டர் உள்ள இருக்கிற கம்பியையும் வெட்டிருதுடி, பல்லுக்குத்தான் தெரியும்." இப்போது பக்கத்தில் இருப்பது திரவியம் சார். கம்ப்யூட்டர் சென்டருக்குப் பொறுப்பாளர். ஆண் ஆசிரியர் பெண்கள் ஹாஸ்டலுக்குள் வருவதென்றால் வார்டன் கையெழுத்து வேண்டும், நான்கு மணிக்குள் வெளியேற வேண்டும், விழாவுக்கு டிவியைச் சோதிக்கச் சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், வந்ததும் சொன்னார், "அந்தப் பொண்ணு பண்ணின மாதிரி எதையாவது பண்ணி வச்சுராதம்மா, நாளைக்கு கல்லூரி நாள்." அந்தப் பொண்ணு. பேரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? இல்லை, கேட்க மாட்டேன். மடியில் கை. அந்தப் பொண்ணு பண்ணினதைத்தான் சார் இப்போது உங்கள் கண்முன்னாலேயே இரண்டு வரியில் பண்ணிவிட்டேன், நீங்களும் தலையை ஆட்டினீர்கள், "ம், ம், மல்டிகாஸ்ட்டா, ஓடுதான்னு பாரு" என்றீர்கள். மாடி ஹாலில் ரஹ்மத் இருக்கிறாள், எங்கள் பக்கத்து அறைக்காரி, போனைக் காதில் வைத்துக்கொண்டு டிவி முன்னால். ஆடிட்டோரியத்தில் காலி மேடையைக் காமிரா காட்டிக்கொண்டிருக்கிறது. "ஓடுதுடி, சூப்பரா ஓடுது, ஒரு அண்ணன் ஏணியில ஏறி பேனர் கட்டுதாரு, கோணலாக் கட்டுதாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஓடும். இப்போது ஓடும். நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அதன் பிறகு நிற்கும். நிற்கவேண்டும். ஒருவேளை நிற்காவிட்டால்?

நிற்காவிட்டால் என்ற நினைப்பை விட்டு ஓடி வேறு எதையாவது நினைக்கிறேன், எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி இந்தப் படிக்கு அடியில்தான் வந்து முட்டுகிறது. முதலில் இந்த டிவி எதற்கு? அதைக் கேட்க இந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. கல்லூரி நாள் விழா மாலை ஆறரைக்கு. பெண்கள் ஹாஸ்டல் கேட் ஆறுக்குப் பூட்டு. விழாவை ஐந்துக்கு வைக்கலாமே என்றேன் முதல் வருஷம், சிறப்பு விருந்தினருக்கு வெயில் ஆகாது என்றார்கள். கேட்டை ஒன்பதுக்குப் பூட்டலாமே என்றேன், பாதுகாப்பு என்றார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு, ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்திருக்கப்போவது எங்கள் கூடப் படிக்கிற பையன்கள்தானே, அவர்களைப் பூட்டுங்களேன் என்றேன், வார்டன் என் அப்பாவுக்குப் போன் போட்டார். மேடையில் ஆடிப்பாடுகிறவர்களுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு, வேனில் கூட்டிப்போய் வேனில் கூட்டிவருவார்கள், மிச்சமுள்ள நாங்கள் எல்லாரும் மாடிக்கு ஒரு டிவி என்று தரையில் ஜமுக்காளம் விரித்து, நம் கல்லூரி விழாவை ஏதோ அயல்நாட்டு விழா மாதிரி பார்ப்போம். இருந்தாலும், இதைச் சொல்ல எனக்கே கோபமாக வருகிறது, அந்த ஜமுக்காளத்து ராத்திரிகள்போல் ஒன்று இனி வராது. மெஸ்ஸில் அன்றைக்கு மட்டும் போண்டா. ஒருத்தி மடியில் ஒருத்தி தலை. மேடையில் நம் வகுப்புப் பையன் பாட்டில் வரி மறந்து முழித்தால் நாலு மாடியிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு எழும்பி மாடிப்படி வழியாக மேலும் கீழும் ஓடும். அந்த ஒரே நேரம் என்பதுதான் மல்டிகாஸ்ட் என்று ஜெசிந்தா சொன்னாள்: ஒரு படம்தான் புறப்படுகிறது, வேண்டியவர்களுக்கு எல்லாம் பிரிந்து போகிறது, ஆளுக்கொன்றாய் அனுப்பத் தேவையில்லை.

வேண்டியவர்களுக்கு. அங்கேதான் சிக்கல் இருந்தது. முதல் வருஷம் விழா ராத்திரி ஹாஸ்டலில் இன்டர்நெட் செத்துவிட்டது, அசைன்மென்ட் அனுப்ப முடியவில்லை, வீட்டுக்கு வீடியோ கால் போகவில்லை, எல்லாரும் சாரைத் திட்டினோம், ஜெசிந்தா மட்டும் திட்டவில்லை, ஏன் என்று யோசித்தாள். அவள் அப்படித்தான், நான் கத்துகிற நேரத்தில் அவள் யோசிப்பாள், அது எனக்கு எரிச்சலாயிருக்கும். இரண்டாம் வருஷம் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டே வந்து சொன்னாள், வாயில் நுரையோடு: "விசிட்டர் மைக் மாதிரிடி." எங்கள் ஹாஸ்டலில் யாரையாவது பார்க்க வீட்டு ஆட்கள் வந்தால் கேட்டில் இருக்கிற அக்கா மைக்கில் பேரைச் சொல்லும், நாலு மாடியும் அலறும், தூங்குகிறவள், படிக்கிறவள், ஜுரத்தில் கிடக்கிறவள் எல்லாரும் அந்த ஒருத்தியின் பேரைக் கேட்டாகவேண்டும். "நம்ம சுவிட்ச்சும் அப்படித்தான். டிவிக்கு வந்த படத்தைத் தெரியாம எல்லா ரூமுக்கும் கொட்டுது. யாரும் பாக்காத ரூமுக்கும் முழுப்படம் போய் முட்டுது. அதான் நெட் திணறுது. எந்தக் கேபிள்ல டிவி இருக்கோ அதுக்கு மட்டும் விடுன்னு சொல்லிட்டாப் போதும்." அது எப்படி சுவிட்சுக்குத் தெரியும்? "டிவி எனக்கு வேணும்னு ஒரு குரல் கொடுக்கும். சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு எழுதி வச்சுக்கும். அதுக்குப் பேரே ஸ்னூப்பிங்." ஒட்டுக்கேட்கிறதா, அப்போ நம்ம வார்டன் என்றேன். நுரை மூக்கு வழியாக வந்து புரையேறி, முதுகில் தட்டி, தட்டத் தட்ட அவள் சிரித்து, காரிடாரில் தண்ணீருக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் என்ன என்ன என்று கேட்டு, அந்த வருஷம் முழுக்க வார்டனுக்கு ஸ்னூப்பிங் மேடம் என்றே பேர். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், சார் பார்க்கிறார். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல சார்." ஒன்றுமில்லை சார், ஒன்றுமேயில்லை, நீங்கள் ஒரு ஆளை அனுப்பிவிட்டீர்கள், அந்த ஆள் இந்தப் படிக்கு அடியில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

லேப்டாப்பில் பட்டியலை எட்டிப் பார்க்கிறேன். கை நகரவில்லை, கண் மட்டும். மாடி டிவிகள் நாலும் சுவிட்சின் நினைவில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண் இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த எண் பூஜ்யமானால் சுவிட்ச் படத்தை நிறுத்திவிடும், அதற்குள் யாராவது ஒருவர் வந்து, இன்னும் யாருக்காவது படம் வேண்டுமா என்று கேட்கவேண்டும். கேட்டால் டிவி உடனே வேண்டும் என்று சொல்லும், எண் மறுபடி மேலே ஏறும். கேட்காவிட்டால் டிவி தானாக வாயைத் திறக்காது, ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, அதன் குணம் அப்படி. சுவிட்சும் சொல்லிவைக்காமல் கேட்காது, இப்போதைக்கு ஒட்டுக்கேட்பது மட்டும்தான் அதன் வேலை. கேட்கவென்று ஒருவர் இருக்கவேண்டும், குவெரியர் என்று பேர். வகுப்புக்குள் வந்து அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. போன வருஷ விழா நாள் சாயங்காலம் வரைக்கும் மெயின் பிளாக்கில் இருந்த பழைய ரூட்டர் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது, செய்கிறது என்றே யாருக்கும் தெரியாது. ஜெசிந்தா காலையில் ஸ்னூப்பிங்கைப் போட்டாள், மத்தியானம் வரைக்கும் சோதித்தாள், டிவியும் ஓடியது, நெட்டும் பறந்தது, இதே சார் வந்து பார்த்து, "பிள்ளை கெட்டிக்காரிதான்" என்று சொன்னார், அவள் முகம் எப்படிச் சிவந்தது என்று எனக்குத் தெரியும், கறுப்பு முகம் சிவப்பது எப்படி என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன். அன்றைக்கு இருவரும் மெஸ்ஸில் ஆளுக்கு மூன்று அப்பளம் திருடினோம். சாயங்காலம் சிறப்பு விருந்தினருக்கு ஏதோ வீடியோ காட்டவேண்டும், வேகம் போதவில்லை என்று சார் மெயின் பிளாக்கில் பழைய ரூட்டரைக் கழற்றிப் புதுசை மாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. புது ரூட்டருக்கு இன்டர்நெட் தெரியும், கேட்கத் தெரியாது, அதாவது அப்படிக் கேள் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாலு மாடி டிவியும் ஒன்றாய் உறைந்தன. எந்த நேரத்தில் உறைந்தன? எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகளின் வில்லுப்பாட்டு நேரத்தில். வருஷம் முழுக்க மொட்டைமாடியில் பழகி, வேனில் ஏறிப்போய், ரஹ்மத் நடுவில் உட்கார்ந்து வீசுகோலைத் தூக்கி முதல் வரிக்கு வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள். வாய் திறந்த ரஹ்மத் நாலு மாடியிலும். முதலில் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, "எப்படி இருந்துச்சுடி, எப்படி இருந்துச்சு" என்று அவள் கேட்டபோது எல்லாரும் ஜமுக்காளத்தை மடிக்கப் போனோம். தெரிந்ததும் அவளே, "என் வாயை மட்டும் பாத்தீங்களா, சொத்தைப் பல்லு தெரிஞ்சிருக்குமேட்டி" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள்கூட ஜெசிந்தாவைத் திட்டவில்லை. அடுத்த நாள் சார்தான் விசாரணையில் சொன்னார், சுவிட்சைத் தொட்டது அந்தப் பொண்ணு.

நான் போய்க் கத்தினேன். அவர் அறையில், கண்ணாடிக் கதவு அதிர. நீங்கள் ரூட்டரை மாற்றினீர்களாமே சார், அதனால்தான் என்றேன், எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் கோபப்படக்கூட இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "ரூட்டருக்கும் டிவிக்கும் என்னம்மா சம்பந்தம்? மாத்தின பிறகு இன்டர்நெட் வந்துச்சா இல்லையா? படம் அந்தப் பக்கமே போகலையே, இங்கிருந்து இங்கதானே வருது." கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை, சரியாக இருப்பதுபோல் இருக்கிற தப்போடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது, என்னிடம் குரல் இருந்தது, கையில் காட்டுவதற்கு எதுவும் இல்லை, சுவிட்சில் அவள் போட்டதை அன்று ராத்திரியே எடுத்துவிட்டார்கள், படம் மறுபடி எல்லா அறைக்கும் கொட்ட ஆரம்பித்துவிட்டது, டிவி ஓடியது, பார்த்தாயா அவள் போட்டதை எடுத்ததும் ஓடுகிறது என்றார்கள். எடுத்ததும் ஏன் ஓடியது? பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் பஸ்ஸுக்காகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெசிந்தா எனக்கு அதை விளக்கினாள், கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு, யார் வீட்டுக் கதையோ சொல்வதுபோல். அழடி கொஞ்சம் என்றேன். "அழுதா பஸ்ஸு நிக்குமா?" என்றாள். அப்புறம் ஜன்னல் வழியாக, "வடிவு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கண்டுபிடிச்சுச் சொல்லிருப்பேன்ளா, அன்னைக்கே" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னது அவளுக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. இயந்திரத்தைப் பார்த்து மனுஷக் கதை சொல்கிற ஆள் இல்லை நான், அப்படிச் சொன்னால் அவளே சிரிப்பாள், ஆனாலும் இந்த எண்கள் இறங்குவதைப் பார்க்கும்போது அந்த பஸ் ஜன்னல்தான் தெரிகிறது.

சார் எழுந்துவிட்டார்.

எழுந்தேவிட்டார், நாற்காலி கால் தரையில் கீறிய சத்தம், கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்கிறார். "ஓடுதுல்லம்மா. நல்லா இருக்கு. அப்படியே விட்டுரு. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு அப்படியே கிளம்புறேன்." ஐயோ. இதை நான் நினைக்கவில்லை. ஜெசிந்தாவும் நினைக்கவில்லை. இவர் எதையுமே நாலு நிமிஷம் நின்று பார்த்ததில்லையே, லேப்பிலும் அப்படித்தான், ஒரு விளக்கு பச்சையானால் போதும், பேனாவை மூடிவிடுவார். இப்போது போனால் நின்ற பிறகு நான் போன் போட்டுச் சொல்லவேண்டும், நீ என்னத்தையோ தொட்டுட்டே என்பார், இன்னொரு ஜெசிந்தா ஆவேன் நான், அவளுக்குத் திங்கட்கிழமை போய்விடும். எண் இன்னும் இறங்குகிறது. இருங்கள் சார் என்று சொல்லலாமா? எதுக்கு என்பார். எதுக்கு என்று சொன்னால் அது பேச்சு, பேச்சென்றால் சண்டை, சண்டையென்றால் அவர் காது அடைத்துக்கொள்ளும், அவள் சொன்னது நூற்றுக்கு நூறு. வாயில் வார்த்தைகள் வந்து முட்டி நிற்கின்றன, எல்லாம் குற்றச்சாட்டுகள், வரிசையாக, சலவை மடிப்புக் கலையாமல், ஒரு வருஷமாய் அடுக்கி வைத்தவை. ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. வேறென்ன இருக்கிறது என்னிடம்? அலமாரியிலிருந்து மேலே போகிற கேபிள் கட்டைப் பார்க்கிறேன், மஞ்சள் பாய்ந்த பழைய கேபிள்கள், சணல் கயிற்றால் கட்டியவை, யாரோ ரொம்பக் கவனமாய், முடிச்சு எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.

"சார், இந்தக் கேபிளை எல்லாம் யாரு சார் கட்டினது? நீங்களா?"

திரும்பினார். கட்டைப் பார்த்தார். அவர் முகம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. "நான்தாம்மா. உனக்கு யாரு சொன்னா?" யாரும் சொல்லலை சார், முடிச்சு அழகா இருக்கு. உட்கார்ந்துவிட்டார். நாற்காலி மறுபடி கீறியது, அந்தச் சத்தத்துக்கு நான் கோவில் கட்டலாம். "அப்போ இங்க வந்து சேர்ந்த புதுசு. எலக்ட்ரீசியனுக்கு இந்த வேலை தெரியாது, எனக்கும் தெரியாது. லீவுல பிள்ளைக எல்லாம் ஊருக்குப் போயிருந்துச்சு, நானே ஏணி போட்டு மாடி மாடியா இழுத்தேன். ஃபால்ஸ் சீலிங் கிடையாது, சுவத்துல ஆணி. பட்டணத்துலேர்ந்து கிளிப் வர நாளாகும்னாங்க, எங்க வீட்டுல தக்காளிக் கூடைக்குக் கட்டி வந்த சணல் இருந்துச்சு." கட்டைவிரலால் ஒரு முடிச்சைத் தடவினார். "சுவிட்சு ஏது அப்போ, ஹப்புதான். யாருக்கு எது வந்தாலும் எல்லாருக்கும் போகும். ஒரு பொண்ணு பிரிண்ட் கொடுத்தா ஹாஸ்டலே நிக்கும். இருந்தாலும் முத முதல்ல மூணாவது மாடியில ஒரு கம்ப்யூட்டர்ல மெயில் தொறந்தப்போ பிள்ளைக கை தட்டுச்சுக பாரு. என்னைத் தெரியாது அதுகளுக்கு. ஏணிக்காரர்னு நெனச்சு டீ கொடுத்தாங்க." சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிஜமான சிரிப்பு, எனக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஆளை வெறுக்க ஒரு வருஷம் பாடுபட்டிருக்கிறேன், ஒரு சணல் முடிச்சில் அவிழ்ந்துவிடக் கூடாது. அவருக்கும் ஒரு ஜமுக்காளம் இருந்திருக்கிறது. அவருக்கும் யாரோ கை தட்டியிருக்கிறார்கள். இருந்துகொண்டு எப்படி சார் நீங்கள் அவளை? இதே படிக்கு அடியில், இதே ஈரச் சிமெண்டில், உங்கள் முடிச்சுகளுக்கு நடுவே புதுக் கேபிளை அதே சணலால் அதே பக்கம் பார்த்துக் கட்டினாளே, பாருங்கள், அதோ அந்த நீலம், அதை யார் கட்டியது என்று நினைக்கிறீர்கள்? அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விரல் அந்த முடிச்சிலும் போய் நின்றது.

போன் அதிர்ந்தது. என் மடிக்குள், கைகளுக்கு அடியில். ஸ்பீக்கரைப் போட்டேன், அதற்கு மட்டும் ஒரு விரல். "நின்னுட்டுடி!" ரஹ்மத் கத்தினாள். "ஏணி அண்ணன் அப்படியே தொங்குதாரு, அசையவே மாட்டேங்காரு! ரெண்டாவது மாடியிலயும் நின்னுட்டாம், பிள்ளைக கத்துதுக. ஏட்டி, நான் மட்டும்தான் இப்படி நிப்பேன்னு பாத்தேன், அண்ணனுக்கும் அதே கதி!"

"என்ன தொட்டே?" சார் கேட்டார். குரலில் பழைய சார் வந்துவிட்டார்.

என் வாயில் ஒரு வருஷம் வந்து நின்றது. திறக்கவில்லை. கைகளை மட்டும் மடியிலிருந்து தூக்கிக் காட்டினேன், இரண்டு உள்ளங்கையும், துப்பட்டா சுற்றின விரல் கோடு கோடாய். அவர் கையைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். பட்டியல் காலியாகியிருந்தது, நாலு டிவியும் போய்விட்டன, எழுத்தே இல்லாத ஒரு வெற்றிடம், கீழே வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டு. நாற்காலியை இழுத்துப்போட்டுக் குனிந்தார். பூதக்கண்ணாடி மாதிரிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரும்ப இறக்கி. நான் போட்ட இரண்டு வரியையும் உதட்டால் வாசித்தார். "இது சரியாத்தான் இருக்கு" என்றார், எனக்கல்ல. "இது சரியாத்தான் இருக்கு. டிவி வேணும்னு சொல்லிருக்கு, இவன் எழுதியிருக்கான். அப்புறம் ஏன்... யாரும் திருப்பிக் கேக்கலை. கேக்க வேண்டியது மெயின்ல இருந்து வரணும். மெயின்ல இப்போ இருக்கிறது..." நிறுத்திவிட்டார். மேலே மாடியில் பிள்ளைகள் ஏதோ கத்தி, யாரோ சிரித்து, சிரிப்பு படி வழியாக இறங்கி எங்கள் தலைக்குமேல் நின்றது. எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவருடைய பிடரியில் வியர்வை ஒரு கோடாய்ச் சட்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, இவர் இப்போது எழுந்து போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்துகொண்டிருந்தேன். போகலாம். ஒன்றும் சொல்லாமல் போகலாம், ரூட்டரைத் திருத்திவிட்டு மறந்துவிடலாம், அப்படித்தான் இங்கே எல்லாம் முடிகிறது. சார், ஒரு வார்த்தை, சார். பல்லைக் கடித்தேன்.

"அந்தப் பொண்ணு..." என்றார். தொண்டையைச் செருமினார். "ஜெசிந்தா. இதுல நம்பர் இருக்கான்னு பார்க்கிறேன்." தன் போனை எடுத்தார். இருந்தது. அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார், அல்லது அழிக்கத் தெரியாமல், எதுவென்று இனி எனக்கு வேண்டாம். ஸ்பீக்கரில் ரிங் போனது. போனது. போய்க்கொண்டே இருந்தது, அவள் மாமாவின் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், மத்தியானம் இரைச்சலாய் இருக்கும், கேட்காது, எடுக்க மாட்டாள், அவர் பேரைப் பார்த்தால் எடுக்கவே மாட்டாள், எடுளா, எடு, ஜெசிந்தா, தயவுசெய்து. எடுத்தாள். இயந்திர இரைச்சல், யாரோ "பெட்டி, பெட்டி" என்று கத்துகிறார்கள், பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். ஹலோகூடச் சொல்லவில்லை அவள்.

"நான் திரவியம் பேசுறேம்மா. ஹாஸ்டல்ல, படிக்கு அடியில இருக்கேன். டிவி நின்னுருச்சு." மறுபடி அந்த நீலக் கேபிள் முடிச்சில் விரல். "நான் உங்கிட்ட அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்கலை. இப்போ கேக்குறேன். அன்னைக்கு நீ என்னம்மா பண்ணினே? எனக்குச் சொல்லு."

மூச்சு மட்டும் வந்தது. அவள் மூச்சு எனக்குத் தெரியும், மூன்று வருஷம் பக்கத்துக் கட்டிலில் கேட்டது. லேப்டாப்பில் அந்த வெள்ளைக் கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"மொதல்ல டிவியச் சரி பண்ணுங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "கேக்கற வேலையை அந்தச் சுவிட்சுக்கே கொடுத்துருங்க, ஒரு வரிதான், வடிவுக்குத் தெரியும். பிள்ளைக மேல உக்காந்திருக்கும்லா. மத்ததை திங்கக்கிழமை நேர்ல வந்து சொல்லுதேன்."